மனநிலைக் கட்டத்தில் விடுமுறை

வட்டாட்சியர் அலுவலகத்தில் பயண நாட்குறிப்பு என்று ஒன்று உண்டு. எந்தெந்த ஊருக்குப் போனோம் என்று தினமும் எழுத வேண்டும். தினமும் எழுதிய எவரையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் டீயை வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல் காணை, கண்டமங்கலம், திருவாமாத்தூர் எல்லாவற்றையும் சுற்றி வருவோம்.

ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. சில வாரம் தூங்காமலே உற்சாகமாக மூன்று தொழில் தொடங்கத் திட்டம் போடுவாள். பிறகு சில வாரம் பல் துலக்கக்கூட எழமாட்டாள். விழுப்புரத்து மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். உடம்புக்குள் ஓடும் கடிகாரமும் மனநிலையும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றார். தூங்கிய நேரம், எழுந்த நேரம், பத்துக்கு எத்தனை மனநிலை என்று நான்கு வாரம் எழுதி வரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான், விடுப்பில் இருந்தவள் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று சான்று தருவார். சான்று இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

மகள் இரண்டு நாள் எழுதிவிட்டு நோட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் நான் அதை வெளியே எடுத்தேன். கட்டம் போட்டேன். தூக்கம் பத்து மணி, விழிப்பு ஆறு மணி, மனநிலை ஏழு. சந்தேகம் வராதிருக்க இரண்டு நிறப் பேனா, அங்கங்கே பத்தேகால். எல்லாம் அனுபவம்.

மருத்துவர் நோட்டைப் புரட்டினார். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம்.

"சார், ஞாயித்துக்கிழமைல உங்க பொண்ணு தூங்கவே இல்லிங்களா?"

எட்டிப் பார்த்தேன். நான்கு ஞாயிறுக்கும் நேராக, என் அழகான கையெழுத்தில், 'அரசு விடுமுறை'.

மகள் நோட்டைப் பிடுங்கினாள். "ஏம்ப்பா, லீவு நாள்ல எனக்கு மூடே கெடையாதா? டாக்டர், கீழ பாருங்க, பெரிய ஆபீசர் மாதிரி மேலொப்பம் வேற போட்டுக்கினு இருக்காரு!" இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "இத நம்பி நான் மாத்திரைய மாத்தி இருந்தா இன்னா ஆகியிருக்கும், சார்?"

மகள் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினேன்.

சான்று கிடைக்கவில்லை. இன்னும் ஒரு மாத விடுப்புக்குக் கடிதம் மட்டும் கிடைத்தது. திண்டிவனத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதான் கடைசிங்க" என்றார்.

இந்த முறை அவளே எழுதினாள். அதிகாலை மூன்றுக்குத் தூக்கம், பதினொன்றுக்கு விழிப்பு, மனநிலை இரண்டு. பார்க்கவே பேஜாராக இருந்தது. திருத்தக் கை துடித்தது, தொடவில்லை. மருத்துவர் சொன்னபடி மாத்திரையை நேரத்துக்குப் போட்டாள், விழிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்தினாள், எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் நின்றாள். நான்காவது வாரத்தில் தூக்கம் பன்னிரண்டுக்கும் விழிப்பு எட்டுக்கும் வந்தன. மனநிலை ஐந்து, நான்கு, ஆறு என்று நடந்தது.

"இது நெஜம்," என்றார் மருத்துவர். காலைப் பணி மட்டும் வேண்டாம் என்று குறிப்பிட்டுச் சான்று எழுதினார். கம்பெனியும் பதினொரு மணிக்கு வரச் சொல்லி ஒப்புக்கொண்டது.

முதல் நாள் பேருந்து நிலையம் வரை கூடவே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீ கெளம்புப்பா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். பேருந்து புறப்படும்வரை நின்றேன். அவள் அதற்குள் தூங்கிவிட்டாள். அந்தத் தூக்கத்தையும் நோட்டில் அவளே எழுதிக்கொள்ளட்டும் என்று வீட்டுக்குத் திரும்பினேன்.