கேரட்டில் செதுக்கிய அ, ஆ

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது சம்பளம் இல்லாத வேலை மட்டுமல்ல, லீவும் இல்லாத வேலை. கையில் பசை டப்பாவோடு பிள்ளையின் பின்னால் ஓடியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

மூத்தவள் நித்யாவுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. பள்ளிக்கூடம் என்றாலே நித்யாவுக்கு வயிற்றுவலி வந்துவிடும். பிடித்ததைச் செய்யவிட்டால் பிள்ளை தானாகப் படிக்கும் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, நான் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கெடு கொடுத்தார். ஜூனுக்குள் ஒரு வரியாவது அவள் தானாகப் படிக்கவில்லை என்றால் மறுபடி பள்ளிக்கூடம்தான்.

எட்டுப் பொட்டலம்

தேயிலைத் தூள் விலை சரிந்து, வாங்க ஆள் இல்லாத நேரம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குன்னூர் ஏலத்துக்கு, வாங்குகிறவர்கள் ருசி பார்க்கக் கொண்டுபோக, எட்டு ரகத் தூளைத் தனித்தனிப் பொட்டலமாக அவர் வீட்டில் வைத்திருந்தார். அன்றைக்கென்று நான், வீட்டில் கிடைப்பதை ஒட்டி ஒரு மலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். அது என் புத்தி.

பெரிய இலைத் தூள் மரமாகவும், டஸ்ட் என்கிற பொடித்தூள் பாதையாகவும் அட்டையில் ஏறியிருந்தன. மிச்சத்தைச் சின்னவள் பொறுப்பாக ஒரே டப்பாவில் கொட்டி மூடியிருந்தாள். அவர் வந்து அட்டையைப் பார்த்தார், டப்பாவைத் திறந்து பார்த்தார். மறுபடி ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது சொன்னார்: "மலை நல்லாத்தான் இருக்குது. இதக் குடிச்சுப் பாத்து எவன் வெலை சொல்லுவான்னுதான் தெரியல."

கேரட் அச்சு

கேத்தியிலிருந்து ஒரு மூட்டை கேரட் வந்தது. வெட்டி, எழுத்தாகச் செதுக்கி, நீலத்தில் தோய்த்து அச்சுக் குத்தச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு வாரம் அசையாமல் குத்தினார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்த நீலம் பொரியல் வரைக்கும் வந்ததை விடுங்கள்.

அச்சு என்றால் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நித்யா உயிரெழுத்து பன்னிரண்டையும் இடவலம் மாற்றியே எழுதப் பழகியிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா அவள் எழுதின நோட்டை வாங்கி, எங்கள் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தார். "சரியாத்தானுங்க எழுதியிருக்குது. ஸ்கூல்ல சேக்கறப்ப ஒரு கண்ணாடியும் வாங்கிக் குடுத்துருங்க."

வாசல் பலகை

அதைத் திருத்தவே இரண்டு மாதம் போனது. மே கடைசி வந்தும் ஒரு வரி படிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஃபேக்டரி வாசலில் அப்பா சாக்பீஸில் எழுதும் கரும்பலகை. மத்தியானம் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்றுவிடுவாள். இதுவும் ஒரு படிப்பா என்று இழுத்துக்கொண்டு வருவேன்.

ஒருநாள் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்கு நல்ல மஞ்சு. பறித்த இலையோடு நாலைந்து விவசாயிகள் வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் பலகையில் எழுதிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார். கண் சரியாகத் தெரியாத பெரியவர் ஒருவர், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நித்யா எழுத்துக் கூட்டி, ஆனால் ஒரு பிழையில்லாமல், சத்தமாகப் படித்தாள்: "இன்று பச்சை இலை வாங்கப்படாது."

நான் கை தட்டிவிட்டேன். தட்டின பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பறித்த இலை நாளைக்கு எதற்கும் ஆகாது. தட்டின கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். பெரியவர் மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு அவளிடம் குனிந்தார். "நல்லாப் படிக்கறே அம்மணி. அடுத்த தடவ நல்லதா ஏதாச்சும் பாத்துப் படி."

ஒரு வருஷம் பசையும் கேரட்டுமாக நான் மல்லுக்கட்டியும் வராத படிப்பு, என் வீட்டுக்காரர் எழுதவே விரும்பாத ஒற்றை வரியில் வந்து சேர்ந்தது.