தானாக இறங்கும் என்றார்கள்

என் கணவருக்கு ஒரு விதை பிறந்ததிலிருந்தே விதைப்பைக்குள் இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன். "பொறப்புலேயே அப்படித்தான், ஒன்னும் இல்ல லா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

முப்பது தாண்டியபின் அவருடைய தொடை இடுக்கில் ஒரு கட்டி வீங்கியது. கனமான பெட்டி தூக்கியதால் வந்தது என்று சொல்லி மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். புற்றுநோய்.

"சின்ன வயசுல யாரும் பாக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். இறங்காத விதையில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு அதிகமாம். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்து இறக்கி வைத்தால் அந்த ஆபத்து குறையுமாம். கூட வந்திருந்த மாமியார் தரையைப் பார்த்தபடி நின்றார்.

கார் பார்க்கில்தான் வாய் திறந்தார். "பொறந்தப்பவே நர்ஸ் சொன்னாங்க. தானா எறங்கிடும்னு இருந்துட்டேன். அப்புறம் வெளிய தெரிஞ்சா யாரும்மா பொண்ணு குடுப்பா?"

அந்தப் பெண் நான்தான். மாமியார் அழுதார். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

விதையை எடுத்தார்கள். பிறகு கீமோ. வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்த மனுஷன், ஆபீஸிலும் சொந்தக்காரர்களிடமும், தன் தங்கையிடம்கூட, குடல்புண் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பற்களைக் கடித்துக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொன்னேன். அவர் பிழைத்துவிட்டார். இப்போது செக்கப்புக்குப் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது.

போன வருடம் கிள்ளானில் நாத்தனார் மகனுக்கு முதல் பிறந்தநாள். பாம்பர்ஸ் மாற்றும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணி, இவனுக்கு ஒரு பக்கம் காலியாத்தான் இருக்கு. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு. அம்மா வேணாங்கறாங்க. தானா எறங்கிடுமாம்."

கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. "உங்கண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னாங்க! குடல்புண் இல்ல, புத்துநோய்! அதே மாதிரி விட்டுத்தான் வந்துச்சு!" என்று கத்தினேன். மாமியார் என் கையைப் பிடித்து, "மெதுவா பேசும்மா" என்றார். உதறிவிட்டேன். நாத்தனார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தன் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டும்வரை கணவர் காரை விரட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "என் மானத்த வாங்கிட்ட" என்றார்.

"அந்த மானத்துக்குத்தான் சாகப் பாத்தீங்க" என்றேன்.

அடுத்த மாதமே குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. அன்று சாயங்காலமே பால் கேட்டு அழுதானாம். மாமியாரோ உறவினர்களிடம் பேரனுக்குக் காய்ச்சல், அதனால்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லட்டும். என்னிடம் கேட்பவர்களுக்கு என்ன ஆபரேஷன், எதற்கு என்று பச்சையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.