முப்பத்தோராம் எண் புகார்

அவள் பிழைப்பு காதால் நடப்பது. துணி துவைக்கும் இயந்திரமும் ஃப்ரிட்ஜும் விற்கிற ஒரு நிறுவனத்தில், வாங்கியவர்கள் போன் போட்டுக் கத்தினால் அதைக் கேட்டுப் பதிந்துகொள்கிற வேலை. ஒன்பது வருடமாகக் கேட்கிறாள். ஒருமுறை ஒருவர் அவளை ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், "மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும் சார், அதை மட்டும் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு அலுவலகத்தில் வைத்த பெயர்தான் ஃப்ரிட்ஜ். எவ்வளவு சூடாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஆற்றிவிடுவாளாம்.

பிறகு நிறுவனம் வாடகைத் தளத்தைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, இஸ்திரி போடுகிற மேசை அகலத்துக்கு ஒரு பலகை. அதைச் சுவரில் முடுக்கிக் கொடுத்தது கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலைவரை ஏதாவது ஒரு கட்டடத்தின் குழிக்குள் இருப்பான், போன் எடுபடாது. ஆக, பள்ளி விடுமுறை விட்டதும் வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். அவள், எட்டு வயதுப் பெண், நாலரை வயதுப் பையன்.

பெண்ணுக்கு வீட்டுப் பெயர் மேனேஜர். ஒரு பென்சில் இடம் மாறியிருந்தாலும் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவாள். பையன் வாண்டு. அவன் சேட்டையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது, அந்த விடுமுறைக்கு முன்னால்.

நிறுவனத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. மேற்பார்வையாளர் எப்போது வேண்டுமானாலும் நடுவில் புகுந்து பேச்சைக் கேட்பார். பின்னால் குழந்தைச் சத்தம் கேட்டால் ஒரு மதிப்பெண் போகும். மூன்று போனால், மறுபடி அலுவலகத்துக்கே வந்து உட்கார வேண்டும். அலுவலகம் இப்போது ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். அங்கே போனால் பிள்ளைகளை யார் தலையில் கட்டுவது? விடுமுறையின் முதல் இரண்டு நாளிலேயே இரண்டு மதிப்பெண் போய்விட்டது. ஒன்று, வாண்டு பாத்ரூமிலிருந்து "அம்மா, முடிஞ்சிருச்சு" என்று ஊருக்கே அறிவித்தபோது. இன்னொன்று, இரண்டு பேரும் ஒரே தலையணைக்கு உரிமை கொண்டாடியபோது.

அன்று மாலையே அவள் மூளையைக் கசக்கினாள். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கூடத்தில் ஒரு வீடு செய்தாள். தரையில் ஒட்டுநாடாவால் சாலை போட்டு, திருப்பத்தில் ஒரு சிக்னலும் வைத்தாள். ஒரு தாம்பாளத்தில் நாலு வகைப் பயறைக் கலந்து கொட்டி, நிறம் பார்த்துப் பிரித்துக் கிண்ணங்களில் போடச் சொன்னாள். வாளியில் தண்ணீர், கரண்டி, வடிகட்டி. இதெல்லாம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவள் செய்த ஒன்றை மட்டும் வேறு எந்த வீட்டிலும் செய்திருக்க மாட்டார்கள்.

அவள் ஒரு புகார்ப் பிரிவு திறந்தாள். அட்டை வீட்டின் ஜன்னலுக்குப் பின்னால் மேனேஜர். கையில் நூறு பக்க நோட்டு. வாண்டு வாடிக்கையாளர். பசி, சண்டை, பொம்மை உடைந்தது, எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் வரக் கூடாது. ஜன்னலில் போய்ச் சொல்ல வேண்டும். மேனேஜர் எண் போட்டு எழுதிக்கொள்வாள். பெயர், பொருள், குறை, எப்போதிலிருந்து. பிறகு, "பதிஞ்சாச்சு சார். உங்க புகார் எங்களுக்கு முக்கியம்" என்பாள். மாலை ஆறு மணிக்கு ஹெட்போனைக் கழற்றியதும் பெரிய அதிகாரியான அம்மா நோட்டைப் படித்துத் தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். தீர்ந்த புகாருக்கு வாடிக்கையாளர் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்ல வேண்டும். அதோடு கணக்கு முடிந்தது.

பிள்ளைகள் மயங்கிவிட்டார்கள். வீடு கப்சிப். முதல் வாரம் அவள் ஒவ்வொரு புகாரையும் ரசித்துப் படித்தாள். எண் மூன்று: பெயர், தம்பி. பொருள், வலது செருப்பு. குறை, காணவில்லை. எண் ஒன்பது: பொருள், அக்கா. குறை, முறைக்கிறாள். அதை எழுதியதும் அக்காவேதான். நேர்மையில் மேனேஜரை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டாவது வாரம் குழுவில் ஒருத்தி வேலையை விட்டாள். அவளுடைய அழைப்புகளும் இவள் தலையில் விடிந்தன. ஆறு மணி ஏழாகி, ஏழு எட்டாயிற்று. ஹெட்போனைக் கழற்றும்போது காது மடல் கன்றிச் சிவந்திருக்கும். யார் என்ன பேசினாலும் உள்ளே ஏறாது. மேனேஜர் நோட்டை நீட்டுவாள். இவள் அடுப்பில் ஒரு கண்ணும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக, பக்கத்தின் அடியில் ஒரு டிக் போட்டு, 'பார்த்தேன்' என்று எழுதிக் கொடுப்பாள். படிக்கவில்லை. என்ன இருக்கப்போகிறது, செருப்பும் முறைப்பும்தானே.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மேனேஜர் சொல்லவும் செய்தாள். "அம்மா, இன்னைக்கு நோட்டுல ஒரு அவசரம் இருக்கு."

"சரிடா, பார்த்துட்டேன்."

"சிவப்புல எழுதியிருக்கேன்."

"பார்த்துட்டேன்னு சொன்னேன்ல. தட்டை எடுத்து வை."

அதே வாரம் மேற்பார்வையாளர் மாதக் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். இரண்டு குழந்தைகள் இருக்கிற வீட்டில் மூன்று வாரமாக ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை, எல்லோரும் இவங்ககிட்ட கத்துக்கணும் என்றார். திரையில் இருபத்து மூன்று தலைகள் அவளைப் பார்த்தன. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள், பிறகு வெட்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசினாள். அட்டைப் பெட்டி, ஒட்டுநாடா, பயறு, புகார் நோட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "பிள்ளைங்க சந்தோஷமா இருந்தா சத்தமே வராதுங்க" என்று முடித்தாள். நான்கு பேர் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளை. பன்னிரண்டு நிமிடம். வாண்டு தரையில் உட்கார்ந்து ஒட்டுநாடாச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கு இடப்பக்கம் குனிந்து, வீட்டில் பழகிப்போன ரகசியக் குரலில், "சாப்பிட வா" என்றாள். அவன் திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தாள். இன்னும் கிட்டே போய், "டேய், வாண்டு" என்றாள். கார் சிக்னலில் நின்றது, கிளம்பியது. அவன் அசையவே இல்லை.

அவள் மண்டியிட்டு அவன் முகத்தருகே போனாள். ஒரு நாற்றம் அடித்தது. ஊறப்போட்டு மறந்துவிட்ட பாத்திரத்தில் வருமே, அந்த நாற்றம். காது மடலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது. மூன்று நாளாக அவன் தலையணை உறையில் அதே மஞ்சளைப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டுக் கையைத் துடைத்திருப்பான் என்று இரண்டு முறை திட்டிக்கொண்டே துவைத்தும் போட்டாள். காதைத் தொட்டதும் அவன் முகம் அப்படியே சுருங்கியது. வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பையன் சட்டைக் காலரை எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டான். காலர் முழுக்கப் பல் தடம்.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் இடைவேளை முடிந்த மணி அடித்தது. அவள் அதைக் கழற்றிப் படுக்கையில் எறிந்துவிட்டுப் பையனைத் தூக்கினாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக மணி அடித்தும் அவள் போய் உட்காரவில்லை.

காது மருத்துவர் இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்கு மாடியில். வயதான அம்மாள், பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காதுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆடாம பிடிச்சுக்கோம்மா" என்று சொல்லி, ஊசி மாதிரி மெல்லிய கொக்கியை உள்ளே விட்டார். அப்போதுதான் வாண்டு கத்தினான். பதினைந்து வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

வெள்ளைப் பஞ்சின் மேல் மருத்துவர் வைத்தது ஒரு பயறு. உப்பி, தோல் கிழிந்து, இரண்டு மடங்காகியிருந்தது. கிழிந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒன்று வளைந்து வெளியே வந்திருந்தது.

முளை விட்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளையின் காதுக்குள், ஈரத்திலும் இருட்டிலும், ஒரு விதை முளைத்திருக்கிறது. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்டவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இருக்கு இது?" என்றார் மருத்துவர்.

"இன்னைக்குத்தான் டாக்டர். இப்பதான் கவனிச்சேன்."

"ஒரே நாள்ல முளைக்காதும்மா."

"பதினோரு நாள்" என்றது கதவோரம் ஒரு குரல். மேனேஜர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அலுவலக நோட்டை ஆளில்லாத வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது என்று கூடவே எடுத்து வந்திருக்கிறாள். "எண் முப்பத்தொண்ணு. நான் பதிஞ்சிருக்கேன்."

மருத்துவர் கை நீட்டினார். மேனேஜர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

எண் 31. பெயர், தம்பி. பொருள், இடது காது. குறை, பயறு உள்ளே போய்விட்டது. எப்போதிலிருந்து, இன்று காலை. அடுத்த நாள்: அதே வாடிக்கையாளர், அதே பொருள். குத்துகிறது. நான்காம் நாள்: குளித்த பிறகு அதிகம் குத்துகிறது. ஆறாம் நாள்: தண்ணீர் ஒழுகுகிறது. எட்டாம் நாள் சிவப்புப் பென்சிலில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு: அவசரம். பத்தாம் நாள்: சத்தம் வரவில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு டிக். அதன் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில், 'பார்த்தேன்.' பத்துப் பக்கத்திலும்.

மருத்துவர் நோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை. திட்டு வாங்கி ஆற்றத் தெரிந்தவள் அவள். இந்தப் பார்வையை ஆற்றத் தெரியவில்லை.

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லலை?" என்று பையனைக் கேட்டாள்.

வாண்டு விசும்பலுக்கு நடுவில் அவளை வியப்பாகப் பார்த்தான். "சொன்னேனே. பதிஞ்சாச்சுன்னு அக்கா சொன்னா."

"பதிஞ்சதை மறுபடி மறுபடி சொன்னா வரிசை கெடும்னு நீங்கதானே போன்ல சொல்வீங்க" என்றாள் மேனேஜர். அவள் முகம் வெளிறியிருந்தது. விதிப்படி எல்லாம் செய்தும் எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. "அழுதா உங்க மார்க் போயிடும்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். காலரைக் கடிச்சுக்கோன்னேன். தப்பாம்மா?"

அவள் பெண்ணைப் பிடித்து இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை பதினோரு நாள் ஒரு வலியைத் தனியாகச் சுமந்து, சிவப்பில் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "செவிப்பறையில சின்னதா ஓட்டை விழுந்திருக்கு. பெரும்பாலும் தானா மூடிக்கும். மூணு வாரம் மருந்து விடணும், தண்ணி படக் கூடாது. அப்புறம் கேக்குதான்னு சோதனை பண்ணிப் பார்க்கலாம்."

"கேக்கும்ல டாக்டர்?"

"மூணு வாரம் கழிச்சுக் கேளு. இப்ப நான் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மேற்பார்வையாளர். ஆறு அழைப்பு தவறிவிட்டதாம். என்ன ஆயிற்று என்று கேட்டவர், நிறுத்தி, "பின்னால குழந்தை அழற சத்தம் வருதே" என்றார்.

"ஆமா சார். என் பையன்தான். அழட்டும்" என்றாள். போனை வைத்துவிட்டாள். அது மூன்றாவது மதிப்பெண். அதைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை.

அழுது ஓய்ந்து வாண்டு அவள் மடியில் சாய்ந்தான். மேனேஜர் நோட்டைத் திறந்தாள். தொடங்கியதை முடிக்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைய தேதி போட்டு, 'பயறு எடுக்கப்பட்டது' என்று எழுதினாள். பிறகு எழுந்து தம்பியின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, அதிகாரிக் குரலில் கேட்டாள்.

"சார், எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

வாண்டு மூக்கைத் துடைத்தான். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"அஞ்சு" என்றான்.

அவளுக்கு ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் பூஜ்யம் கொடுத்திருக்கிறார்கள், அடுப்பங்கரைக்குப் போவதற்குள் மறந்திருக்கிறாள். இந்த ஐந்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மேனேஜர் ஐந்து நட்சத்திரமும் வரைந்து முடித்து, வழக்கம்போல நோட்டையும் பேனாவையும் கையெழுத்துக்கு நீட்டினாள். அவள் பேனாவை வாங்கவில்லை. நோட்டை வாங்கி, டிக் மட்டும் போட்டுவிட்டுப் படிக்காமல் போன முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். வாண்டு மடியில் புரண்டு, வலது காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான்.