வேலியோரம் புதைத்த மோதிரம்

என் மனுசன் வேலையிலிருந்து ஓய்வெடுத்த முதல் மாதமே அந்த மெஷினை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நிலத்துக்குள் உலோகம் கிடந்தால் கத்திக் காட்டும் மெஷின். நாங்கள் அகதியாக வந்து குடியேறிய ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் காணியில் பழைய காசு தேடப்போகிறாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிப் புரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் சேறு அப்பிய சப்பாத்து.

காசெல்லாம் சாட்டு. அவர் தேடப் பழகியது எங்கள் பிள்ளையின் பஞ்சாயுதத்தை. முப்பத்தோராம் நாள் அவள் கழுத்தில் கட்டிய, ஐந்து ஆயுதம் பொறித்த சின்னத் தங்கம். எட்டு மாதத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. ஊரை விட்டு ஓடிய அன்று அதை மடியில் கட்டச் சொன்னார் அவர். வழியில் பறித்துவிடுவார்கள், ஒரு கிழமையில் திரும்பிவிடுவோம் என்று சொல்லிப் பால்மா டின்னில் போட்டு வளவில் புதைத்தது நான்தான். ஒரு கிழமையாம்! முப்பது வருசத்துக்கு மேல் ஆமி அங்கே முகாம் போட்டிருந்தது. இப்போதுதான் காணியை விட்டார்கள். வீடும் கிணறும் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரமும் இல்லை என்று சொந்தக்காரர் சொன்னார்கள்.

விவசாயி நல்ல மனிதர். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொல்பொருள் அலுவலகமும் அனுமதி தந்தது. ஒரு வருசத்தில் கிடைத்தது இரண்டு கறுத்த காசும் ஒரு வாளி ஆணியும். பிறகு என் மோதிரத்தைக் கேட்டார். ஊரில் டின் உக்கிப்போயிருக்கும், தங்கத்தின் சத்தம் மட்டும் காதுக்குப் பிடிபட வேண்டுமாம். விசரோ என்று ஏசிவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். விவசாயியிடம் கேட்டு, வேலியோரம் உழாத இடத்தில் புதைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேடி எடுத்தார், திரும்பப் புதைத்தார்.

மெஷினை ஊருக்குக் கொண்டுபோக அங்கத்தைய அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு எழுதினோம். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. இங்கே ஆரோ ஒருத்தரின் காணியைக் கிண்ட இரண்டு அனுமதி தந்தார்கள், அங்கே சொந்தக் காணியைக் கிண்ட ஒன்றுகூட இல்லை. இது எனக்குச் சாகும்வரை ஆறாது.

மெஷின் இல்லாமலே போனோம். நாலு நாள் மண்வெட்டியால் கொத்தினோம். கறள் பிடித்த இரும்பும் ஒற்றைச் செருப்பும் வந்தன. கடைசி நாள் அயல்காரர் ஒருவர் வந்து, இந்த வளவின் மேல்மண்ணை அள்ளித்தான் ஆமி காவலுக்கு மண் அணை கட்டினது என்றார். எந்த அணை, இப்போது எங்கே என்று அவருக்கும் தெரியாது. என் மனுசன் மண்வெட்டியைக் கழுவி அயல்காரரின் சுவரில் சாத்தினார்.

திரும்பி வந்தபோது இங்கே நவம்பர் மழை. மோதிரம் இன்னும் வேலியோரம் கிடந்தது. எனக்கு அது வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

"இதையாவது எடுப்பம், வாரும்," என்றார்.

இடம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனாலும் மெஷினை மெதுவாக வீசிவீசி நடந்தார். அது கத்தியது. அவர் குனியவில்லை, சின்ன மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். நான் முழங்காலில் நின்று கிண்டி எடுத்து, மண்ணைத் துடைத்தேன்.

"அண்டைக்கு நீர் அதை மடியில கட்டியிருக்கலாம்."

இத்தனை வருசத்தில் ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை. நான் எழும்பாமலே "ஓம்" என்றேன்.