நிரை என்றோர் ஊர்

செல்வராணி போய்விட்டாள் என்று மலைமேல் ரிங்லெட் தோட்டத்திலிருந்து அவள் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் முழங்கால் சேற்றில் நின்று கூனி இறால் சலித்துக்கொண்டிருந்தேன். அழுதேன். அழுது முடித்துக் கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஆபிசர் வர்றாரா?" என்பதுதான். வருவதாகச் சொன்னான். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

 அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள், கடலாய்வு நிலையத்தில் என்னைப்போல் உதவியாளர். கப்பலின் அடியில் ஒட்டிவந்த அந்நியப் புழு, சுண்ணாம்புக் குழாய்களாகக் கட்டிக் கட்டி எங்கள் கழிமுகத்தில் பெரிய திட்டையே எழுப்பியிருந்தது. இடுக்குகளில் கூனி மொய்ப்பதைப் பார்த்து, புழுவால் கூனி பெருகுகிறது என்றார் எங்கள் ஆபிசர், நிலையத்து அதிகாரி. செல்வராணி ஒப்பவில்லை. திட்டிலிருந்து வெளிச்சேறு வரை கயிறு கட்டி, மூன்று வருடம் அடி அடியாகக் கூனியை எண்ணினாள்.

"புழு வீடு கட்டிக் குடுத்துச்சு, நண்டு சும்மா குடி வந்துருச்சுக்கா. அங்கேருந்து வெளிய வந்து சேத்துல கெடக்கிற கூனியத் திங்குது லா. இடுக்குல ஒளிஞ்சது மட்டும் மிச்சம். அதான் உள்ள கூட்டம், வெளிய காலி," என்றாள்.

அந்தக் கயிற்று வரிசைகளை அவள் நிரை என்பாள். கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தச் சொல். அதிகாரிக்குத் தமிழ் படிக்க வராது. ஆங்கில எழுத்தில் 'நிரை ஒன்று, நிரை இரண்டு' என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வருடம் அவள் எண்ணிய கணக்கு கட்டுரையாக வந்தது, அவர் பெயரில் மட்டும். நன்றி சொன்ன இடத்தில்கூட அவள் இல்லை. ஆனால் கட்டுரையின் நிலப்படத்தில், சொல் புரியாமல் அவர் புள்ளி வைத்த ஓர் ஊர் இருந்தது: நிரை.

அவரிடமே போய்க் கேள் என்றேன். "இப்ப கேட்டா வேலை போயிரும்க்கா. ஒரு நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேப்பேன்," என்றாள். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

சாவு வீட்டில் அதிகாரி மாலை போட்டுவிட்டுப் பேசினார். "என் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணின பொண்ணு."

நான் எழுந்தேன். "சார், உங்க படத்துல நிரைன்னு ஒரு ஊரு இருக்கே, அது எங்க சார்?"

"அதுவா, கடலோரத்துல ஒரு சின்ன கம்போங், மலாய்க்காரங்க கிராமம்."

சவப்பெட்டியருகே இருந்த அவள் அம்மா தலைநிமிர்ந்தார். "நிரை ஊரு இல்லீங்க. கொழுந்தெடுக்கிற வரிசை. எம்மவ சொல்லு அது."

லயமே அவரைப் பார்த்தது. அவர் காரைத் தேடிப் போனார். எனக்கு அது போதவில்லை.

அவளுடைய கயிறும் குறிப்பேடும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவர் இனி எந்த மேடை ஏறினாலும் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். நிரைக்கு எப்படிப் போவது என்று வழி கேட்பேன்.