அறைத்தோழி, விருப்பம் இருந்தால்

பல்கலைக்கழக விடுதிக்கான ஆன்லைன் படிவத்தில் 'அறைத்தோழி, விருப்பம் இருந்தால்' என்று ஒரு கட்டம் இருந்தது. யாருடைய விருப்பம் என்று போடவில்லை. அதனால் என் அம்மாவும், என்னோடு விண்ணப்பித்தவளின் அம்மாவும் அது தங்களுடைய விருப்பம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மரக்காணம் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த நெட் சென்டரில் நாங்கள் நான்கு பேரும் நின்றிருந்தோம். அம்மாக்கள் இருவரும் உப்பளத்தில் விடியற்காலை வேலையை முடித்து, குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தார்கள். நெட் சென்டர் அண்ணன் என் பக்கம் திரும்பி, "ரூம்மேட் பேரு எதுனா போடணுமாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் பெயரை இனிஷியலோடு சொன்னாள். அடுத்து அவளுடைய படிவம். அவள் அம்மா என் பெயரைச் சொன்னாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எங்களுக்குப் பதினான்கு வருடப் பயிற்சி இருந்தது.

அவள் எங்கள் தெருதான். எல்கேஜியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வகுப்பு, பெரும்பாலும் ஒரே பெஞ்ச். எங்கள் அம்மாக்கள் ஒரே செட்டில் உப்பு வாருகிறவர்கள். ஒருத்தி தலையில் இன்னொருத்தி கூடையைத் தூக்கி வைத்து வைத்தே உண்டான சிநேகிதம் அது. அவர்கள் சிநேகிதிகள் என்பதால் நாங்களும் சிநேகிதிகள். தெருவில் எல்லோரும் எங்களை 'ரெட்டைங்க' என்றுதான் சொல்வார்கள். தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சுடிதார் தைத்து, போட்டோ எடுத்து, இரண்டு வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்திருந்தால் நாங்கள் அந்தச் சுடிதார்களை வைத்து என்ன செய்திருப்போம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

வீடு திரும்பும்போதே அம்மாக்கள் விடுதி வாழ்க்கையைத் திட்டமிட்டு முடித்துவிட்டார்கள். ஒரு பக்கெட் போதும். ஒரு அயர்ன் பாக்ஸ் போதும். ஒரே பெட்டியில் இரண்டு பேர் துணியும் அடங்கும். "ரெண்டும் ஒண்ணா இருந்தா நமக்கு பயம் இல்லக்கா" என்றாள் அவள் அம்மா. சென்னையில் இருக்கிற அத்தனை ஆபத்துகளும் எங்களை ஜோடியாகப் பார்த்தால் ஓடிவிடும் போலிருந்தது.

எனக்குச் சென்னையே இவளிடமிருந்து தப்பிப்பதற்குத்தான். இதை நெட் சென்டரில் சொல்ல முடியுமா? அடுத்த வாரம் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்தேன். பத்தாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், ஐயா எல்லாம் எழுதினேன். நாகரிகமாக இருக்கட்டும் என்று 'பொருள்: அறைத்தோழி தொடர்பாக' என்று போட்டு, கீழே அவள் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் எழுதி, அவளோடு ஒரே அறையில் என்னைப் போடக் கூடாது என்பதற்கான ஏழு காரணங்களை வரிசை எண் கொடுத்து எழுதினேன். எங்கள் ஊர் தபாலாபீசில் போட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி கூனிமேட்டில் இறங்கி, அங்கே போட்டுவிட்டு வந்தேன்.

சேர்க்கை நாளன்று விடுதி அலுவலகத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த மேடம் பெயர்களைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"ஓ, நீங்கதானா அது? ஒருத்தி பேரை ஒருத்தி எழுதி தனித்தனியா லெட்டர் போட்டிருந்தீங்களே!"

பக்கத்தில் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போர்ட்டல்ல போடறதை எல்லாம் யாரும் பாக்கறதில்லம்மா," என்று மேடம் அம்மாக்களிடம் விளக்கினார். "ஃபர்ஸ்ட் இயருக்கு நாலு பேர் ரூம், குலுக்கல்தான். ஆனா இதுங்க கைப்பட லெட்டர் எழுதியிருக்குதுங்க. இவ்ளோ பாசமா இருக்கிறவங்களை ஏன் பிரிக்கணும்னு நானே உக்காந்து ரெண்டு பேர் ரூமா மாத்திப் போட்டேன்."

அவளும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள். மேடம் இரண்டு கடிதத்திலும் பொருளை மட்டும் படித்திருக்கிறார். எங்கள் நாகரிகம் எங்களை எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள். பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் நான் ஒரு அறையிலும் அவள் ஒரு அறையிலும் நிம்மதியாக விழுந்திருப்போம்.

என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நமக்கே தெரியாம லெட்டர் போட்டிருக்குதுங்க பாரேன்," என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கவுன்டருக்குள் எட்டி, "இன்னா எழுதியிருக்குதுங்க மேடம்? கொஞ்சம் படிங்களேன், கேப்போம்," என்றாள்.

நானும் அவளும் ஒரே நேரத்தில், "வேணாம்மா!" என்று கத்தினோம்.

"வெக்கப்படுதுங்க," என்றாள் அவள் அம்மா.

"பின்னாடி எவ்ளோ பேர் நிக்கறாங்க பாருங்கம்மா. அதெல்லாம் படிக்க எங்க நேரம்?" என்ற மேடம், கடிதங்களைச் செருகியிருந்த ஃபைலை எங்களிடம் நீட்டினார். "மாடில வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க." இரண்டு பேரும் அதை ஒரே சமயத்தில் பிடித்தோம். படிக்கட்டு வரை ஒருவரும் கையை விடவில்லை.

மாடி வராந்தாவில் யாரும் இல்லை. அவள் என் கடிதத்தை எடுத்தாள், நான் அவளுடையதை. இரண்டு உறையிலும் கூனிமேடு தபாலாபீஸ் முத்திரை.

"'நான்கு. என் சீப்பைக் கேட்காமல் எடுத்தல்,'" என்று அவள் சத்தமாகப் படித்தாள். "ஒரு தடவைடி! ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு!"

"மூணு தடவை."

"'ஆறு. மூக்கை உறிஞ்சுதல்.' எனக்கு சைனஸ் இருக்குது, உனக்குத் தெரியாது?"

நான் அவளுடைய கடிதத்தில் இருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு என்பதால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மொத்தம் மூன்றே காரணங்கள். முதல் வரியில் 'செபரேட்' என்ற சொல்லில் ஒரு எழுத்து தவறாக இருந்தது.

"ஸ்பெல்லிங் தப்பு," என்றேன்.

அவள் இரண்டாவது காரணத்தின் மேல் விரலை வைத்தாள். 'இவள் எப்போதும் என்னிடம் தப்பு கண்டுபிடிக்கிறாள்' என்று இருந்தது. அதில் பிழை ஏதும் இல்லை.

மூன்றாவதைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு போனது. 'நான் இவளிடம் எதைச் சொன்னாலும் மறுநாள் என் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது' என்று எழுதியிருந்தாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. பத்தாம் வகுப்புக் காலாண்டில் அவள் கணக்கில் ஃபெயில். ரேங்க் கார்டில் தன் அம்மா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் காட்டினாள். நான் அன்று சாப்பிடும்போது வேறு பேச்சு இல்லாததால் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுநாள் உப்பளத்தில் அவள் அம்மாவிடம் ஆறுதல் சொல்லப் போய்விட்டாள். அந்த வருடம் பள்ளியில் மகாபலிபுரம் சுற்றுலாவுக்கு அவளை அனுப்பவில்லை. நான் போனேன். அவளுக்காக ஒரு சிப்பிச் சாவிக்கொத்து வேறு வாங்கிவந்தேன், கடற்கரையிலேயே வசிக்கிறவளுக்கு. யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது என்றே நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வார்டன்கிட்ட உண்மையைச் சொல்லி மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் வராந்தா கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே பார்த்தாள். வேப்பமரத்தடியில் அம்மாக்கள் இருவரும் அந்த ஒற்றைப் பக்கெட்டை நடுவில் வைத்து உட்கார்ந்து, ஒரே தண்ணீர் பாட்டிலில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போய் சொல்றியா?" என்றாள்.

நான் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கினோம்.

முதல் மாதம் நாங்கள் இரண்டு தூதரகங்களைப் போல வாழ்ந்தோம். அவள் தன் அறைக்கே கதவைத் தட்டிவிட்டு வருவாள். நான் ஃபேனைப் போடுவதற்கு முன் "போடலாமா?" என்று கேட்பேன். அவள் ஒவ்வொரு முறையும் பாத்ரூமுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். அது உறிஞ்சுவதைவிடச் சத்தமாக இருந்தது. ஆனால் நான் ஏழு காரணங்களோடு நிறுத்திக்கொண்டவள், எட்டாவது எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரே ஒரு விதிதான் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. "இந்த ரூம்ல நடக்கறது ஊருக்குப் போகக் கூடாது" என்றாள். "சரி" என்றேன்.

பிறகு முதல் இன்டர்னல் தேர்வு வந்தது. பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்து, அந்தத் தெம்பில் பி.எஸ்சி. கணிதம் எடுத்திருந்த நான் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். பி.காம். படித்த அவள் எல்லாவற்றிலும் பாஸ். நான் விடைத்தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதன் மேலேயே படுத்திருந்தேன். அதைத் தூக்கிப் பார்க்க அவள் என்னைப் போல ஆராய்ச்சிப் புத்தி உள்ளவள் அல்ல. ஆனால் எல்லா வகுப்புக்கும் பொதுவான நோட்டீஸ் போர்டில் மதிப்பெண்ணை ஒட்டியிருந்தார்கள்.

அம்மா மூன்று முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. நான்காவது அழைப்பு அவள் போனுக்கு வந்தது. உப்பளக் காற்றில் கத்திப் பேசிப் பழகிய அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏம்மா, அவ போனே எடுக்க மாட்டேங்கறா. பரிட்சை இன்னா ஆச்சு? உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை," என்றாள் அவள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது. "இன்னும் பேப்பரே குடுக்கல அத்தை. குடுத்ததும் சொல்லுவா."

"ஒழுங்கா சாப்புடுதா?"

"சாப்பிடறா அத்தை. என்னுதையும் சேத்து."

போனை வைத்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருக்கலாம். நல்லாதான் இருந்திருக்கும்," என்று யோசித்தாள். "ஆனா உங்கம்மா எங்கம்மாகிட்ட சொல்லும். எங்கம்மா எனக்கு போன் போட்டு, நீயாவது ஒழுங்கா படின்னு ஒரு மணி நேரம் அழும். அதை யாரு கேக்கறது?"

"அந்தப் பத்தாங்கிளாஸ் விஷயம்... சாரிடி."

அவள் கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மகாபலிபுரம் எப்படி இருந்துச்சு?"

"ஒரே வெயில். சாம்பார் சாதம் கெட்டுப்போச்சு."

"அப்போ சரி," என்றாள்.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் தனித்தனி அறை கேட்டு வாங்கிக்கொண்டோம், இந்த முறை நேரில் போய். இதைக் கேள்விப்பட்டதும் ஊரில் இரண்டு அம்மாக்களும் எங்களுக்குள் சண்டை என்று நினைத்து ஆளுக்கொரு உப்புப் பாத்தியில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. சமாதானம் செய்ய ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஊருக்குக் கிளம்பினோம். சண்டையே இல்லை, சும்மாதான் தனி அறை என்று போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தோம். "சும்மா எவளாவது தனியா போவாளா?" என்று அவர்கள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சண்டையைத் தயார் செய்தோம். துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது விஷயம். யார் முதலில் கத்தியது என்பதில் மட்டும் எங்களுக்குள் நிஜமாகவே தகராறு வந்து, மரக்காணம் நெருங்கும்போதுதான் முடிந்தது.

அம்மாக்கள் இரண்டு தரப்பையும் உட்கார்ந்து விசாரித்தார்கள். என் அம்மா என்னைத் திட்டினாள். அவள் அம்மா அவளைத் திட்டினாள். "ஒரு கொடிக்காடி இவ்ளோ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவள் வீட்டில் எறா தொக்கு செய்து, நான்கு பேரும் சாப்பிட்டோம். திங்கட்கிழமை அவர்கள் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். நாங்கள் சென்னை பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கினோம்.