வீட்டில் ஆள் இருக்க வேண்டும்

லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. மற்றப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்தார்கள். நான் வெறும் வீட்டுக்குப் பயந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அரசாங்கத்தின் வாடகை அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இவ்வளவுதான் வாங்கலாம் என்று தீர்த்துவிட்டுப் போன வீடு அது. வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் வாடகையை ஏற்ற முடியாது, எங்களை வீட்டை விட்டு எழுப்பவும் முடியாது. அந்தப் பாதுகாப்பு எங்களைப் போன்ற பழைய குடிகளுக்கு மட்டும்தான். சட்டத்தை மாற்றிவிட்டதால் புதிதாக வருகிறவர்கள் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனில் வீடு குதிரைக்கொம்பாகிவிட்ட காலம். அப்பாவின் சிநேகிதர்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் முறைவைத்துப் படுத்தார்கள். இந்த வீடு போனால் எங்களுக்கும் அதுதான் கதி.

அதே கட்டடத்தில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்தவரும் மேல்மாடியில் இருந்த தாயும் மகளும் வீட்டுக்காரர் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொருவராகப் போகப் போக வீட்டுக்காரரின் ஆள் வந்தான். வேறு யாரும் புகுந்துவிடாமலிருக்க மலக்கோப்பையை உடைத்தான், தரைப் பலகைகளைப் பெயர்த்தான், கதவுக்கு ஆணி அடித்தான். போகும்போது படிக்கட்டு பல்புகளையும் கழற்றிக்கொண்டு போனான். பின்னேரங்களில் நான் இருட்டில் படியேறும்போது மேல்மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கும். பலகையே இல்லாத அறையில் எப்படி நடக்க முடியும் என்று யோசித்துப் பார்ப்பேன். யோசித்ததால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது கதவுக்குப் புதுப் பூட்டு. சாமான்கள் முன் தோட்டத்தில் மழையில் கிடந்தன. சட்டப்படி அது பிழைதான். ஆனால் வழக்காடி உள்ளே போவதற்குள் மாரிகாலம் முடிந்துவிடும். அதனால்தான் எங்களுக்கு மாமி தேவைப்பட்டாள்.

மாமி அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, தெருப்பக்க யன்னலோரம் அவள் இருப்பாள். வீட்டுக்காரரின் ஆள் வாரந்தோறும் வந்து மணியடிப்பான். மாமி கதவைத் திறக்கமாட்டாள். திரைச்சீலையை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையை விரித்துக் காட்டுவாள். நான் இருக்கிறேன், நீ போகலாம் என்று அர்த்தம். அவனும் ஒழுங்காகக் கையை உயர்த்திவிட்டுப் போய்விடுவான். கடைக்கும் வரமாட்டாள், கோயிலுக்கும் வரமாட்டாள். ஒருநாள் அம்மா தேர்த் திருவிழாவுக்கு வரும்படி கெஞ்சியபோது, "ஊரிலை ஷெல்லடிக்கேக்கை ஒருக்கா வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனான். திரும்பிப் போக வீடு இல்லை. அது காணும்" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைச் சரியான பிடிவாதக்காரி என்று நினைத்தேன்.

அந்த மாரியில் மாமிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. வெளியே போகாத மனுசியைக் கடைசியில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். எனக்கு அழுகை வந்ததைவிட அந்த யன்னலைப் பார்க்கப் பயம்தான் அதிகமாக வந்தது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி லீவு எடுத்து வீட்டில் நின்றார்கள். லீவு முடியப்போகிறது, திங்கட்கிழமையிலிருந்து யார் இருப்பது என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று குசுகுசுத்தார்கள். மாமி செத்த செய்தி வீட்டுக்காரருக்கு எட்டக்கூடாது என்று எனக்கும் சொல்லிவைத்தார்கள்.

பிறகு எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. மாமிக்காக அம்மா மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வடையும் செய்து, யன்னலோரம் வாழையிலை போட்டுப் படைத்தாள். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். ஆட்கள் நின்றால் செத்தவர் வந்து சாப்பிடமாட்டார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா தயங்கினார்.

"நான் குசினிக்குள்ளை நிக்கிறன். சத்தம் போடமாட்டன்."

"ஏலாது. வீட்டுக்குள்ளை ஒருத்தரும் நிக்கக்கூடாது" என்றாள் அம்மா. "எங்களுக்காக இவ்வளவு காலம் இருந்த மனுசி. ஒருநேரச் சாப்பாடு நிம்மதியாச் சாப்பிடட்டும்."

அப்பா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நாங்கள் மூவரும் இறங்கிப் போய் எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் நின்றோம். நாலரை மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் வீட்டில் எங்கும் வெளிச்சம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டை ஆளில்லாமல் பார்த்ததில்லை. அது எங்கள் வீடு மாதிரியே இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் ஆளுடைய வான் வந்து நின்றது. அவனோடு இன்னொருவன் கருவிப் பையுடன் இறங்கினான். அப்பா "பூட்டு" என்று மட்டும் சொன்னார். படியேறி மணியை அடித்தார்கள். மறுபடி அடித்தார்கள். அப்பா தெருவைக் கடக்கக் காலை வைத்ததும் பஸ் ஒன்று வந்து எங்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டு ஓட, அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருவரும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கருவிப் பை திறக்கப்படவே இல்லை. வீட்டுக்காரரின் ஆள் எங்கள் யன்னலை அண்ணாந்து பார்த்து, வழக்கம்போலக் கையை உயர்த்தினான். அப்பாவைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

வெளிச்சமில்லாதபடியால் ஒருவரும் இல்லையென்று நினைத்துவிட்டேன், யன்னலோரம் இருக்கிற வயதான அம்மாவை எழுப்பிவிட்டேன்போல, மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றான். பிறகு மாமி காட்டுகிற மாதிரியே தன் கையை விரித்துக் காட்டிச் சிரித்துவிட்டு வானில் ஏறினான்.

யன்னலில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் நான் சத்தியம் செய்யமாட்டேன். அவன் பழக்கதோஷத்தால் கண்டிருக்கலாம். செத்தவீட்டுக் கோலத்தில் நின்ற எங்களைப் பார்த்து இரக்கப்பட்டுப் பொய் சொல்லியும் இருக்கலாம். இவையெல்லாம் வளர்ந்த பிறகு வந்த யோசனைகள். அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அப்பா திறப்பை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போக, அம்மா அவருடைய கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. மச்சாள் சாப்பிட்டு முடியட்டும்."

அதுவரையில் வெறும் சடங்காகச் செய்த அம்மா, அந்த நிமிடம் முதல் அதை நம்பினாள் என்று நினைக்கிறேன். குளிரில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். வடை வைத்த இடத்தில் வடை இருந்தது. அறையில் மாமி பூசுகிற தைலத்தின் மணம் இருந்தது. அது எப்போதும் இருந்ததுதான்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. படைத்த சோற்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்த் தெருச் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதோடு செத்தவர் வீட்டை விட்டுத் தன் வழியே போய்விடுவார். அப்பா இலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு கதவடிக்குப் போனார்.

"வைச்சிட்டு வாறன்."

"வேண்டாம்" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"இண்டைக்கு வேண்டாம். அது பிறகு பாப்பம்."

அப்பாவின் கண் யன்னல் பக்கம் போய் வந்தது. பிறகு பொட்டலத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டார். திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போனார்கள். வீட்டைப் பார்க்க யார் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அன்றிரவு, குளிருக்குள் அப்பாவை மறுபடி அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அம்மா எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டு, வடையை எடுத்துச் சாப்பிட்டேன்.